சின்னக் கமராவின் வயிற்றில் பன்னிரண்டு படங்கள்

பெரிய கமராவுக்குத் தனியாக ஒரு பை உண்டு. சின்னக் கமராவுக்கு என் நெஞ்சோடு ஒட்டிய சேட்டுப் பைதான். மகளோடு கலியாண வீடுகளுக்குப் போய் இரண்டையும் சுமந்தவன் என்பதால், எது நல்லது என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குப் படமெடுக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போனவனும் இல்லை. எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்டால் சொல்லுவேன்.

நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர்கள். பிறகு பள்ளிவாசல்துறையில் குடியிருந்தோம். எங்கள் நிக்காஹ் அன்று எடுத்த ஒரே படம் கண்ணாடிச் சட்டத்தோடு மன்னார் வீட்டுச் சுவரிலேயே நின்றுவிட்டது. என் மனைவி மௌத்தாகும் வரை அந்தப் படத்தைப் பற்றிக் கதைப்பாள். அது எங்கே போயிருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "அத இப்ப ஆரு பார்க்கிறாங்களோ" என்றுதான் கேட்பாள். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. சுவர், கூரை, கிணறு எல்லாம் போன இடத்தில் ஒரு படத்தை யார் பார்த்தால் என்ன என்று நினைத்தேன்.

மகளுக்கு அந்தச் சின்னக் கமராவை மருமகன் கட்டாரிலிருந்து அனுப்பினார். சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். எங்கள் கலியாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் கமராக்காரன் போக முடியாது. ஆகவே மகளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். நான் துணைக்குப் போவேன். அவள் உள்ளே, நான் வெளியே ஆண்கள் பந்தலில் ஒரு கதிரையில்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கலியாணம் முடிந்ததும், கமராவுக்குள் இருக்கிற நகத்தளவு சிப்பைக் கழற்றிப் பெண்ணின் தாய் கையில் வைத்து, "அமானிதம் தந்திட்டன் மாமி" என்பாள், நம்பித் தந்த பொருளைத் திருப்பி ஒப்படைக்கிற மாதிரி. உள் அறையில் பெண்கள் முக்காடு இல்லாமல் இருப்பார்கள், சிரிப்பார்கள், ஆடுவார்கள். அந்தப் படங்களில் எதைக் கழுவுவது, எதை அழிப்பது என்பது அவர்கள் விருப்பம். எங்கள் வீட்டில் ஒரு படமும் தங்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே கற்பிட்டியிலிருந்து மாம்புரி வரைக்கும் அவளைத்தான் தேடினார்கள்.

பிறகு காலம் மாறியது. பெண் பிள்ளைகள் வேறு ஊர்க் கலியாண அல்பங்களைப் பார்த்துவிட்டு வந்து, முகம் மட்டும் தெளிவாக நிற்க, பின்னால் இருக்கிற அலுமாரியும் யன்னலும் கரைந்துபோன மாதிரி வேண்டும் என்றார்கள். சின்னக் கமராவுக்கு அது ஏலாது. அதற்கு அலுமாரியும் முகமும் ஒன்றுதான். பெரிய கமரா வேண்டும். பெரிய கமராக்களிலேயே அடிமட்ட வகை ஒன்றைப் புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பார்த்தோம், பாவித்த சாமான். சின்னதைக் கொடுத்து மிச்சத்தைக் காசாகக் கட்டினால் தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.

மகளுக்குச் சின்னதைக் கொடுக்க மனமில்லை. "பெரியதத் தூக்கினா பொம்புளையள் வெறச்சிப் போவாங்க வாப்பா. 'டக்'குண்டு ஒரு சத்தம் வேற. சின்னது கையில இரிந்தா ஆரும் கணக்கெடுக்க மாட்டாங்க. உள்ளுக்கு அது, மேடைக்கு இது" என்றாள்.

"ரெண்டு என்னத்துக்கு, சுமை" என்று சொன்னது நான்தான். சுமக்கிறவன் நானல்லவா. கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் அதை அவர் பக்கம் தள்ளிவிட்டதும் என் கைதான். தள்ளும் முன் மகள் மூடியைத் திறந்து காட்டினாள். சிப் வைக்கிற இடம் வெறுமையாக இருந்தது.

அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலையில் ஒரு திரீவீலர் வந்து நின்றது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கலியாணம் நடந்த வீட்டுப் பெண்ணின் தாய் இறங்கினாள். அதுதான் சின்னக் கமராவால் எடுத்த கடைசிக் கலியாணம்.

"புள்ள, தல பின்னின படம் ஒண்டுமில்லையே. பூ வச்சது, கொண்ட போட்டது, ஒண்டுமே இல்ல" என்றாள்.

"எடுத்தனே மாமி. என்ட கையால எடுத்தன்."

"அப்ப எங்க?"

மகள் யோசித்தாள். அன்றைக்கு முதல் சிப் நிறைந்ததும் கழற்றி அந்த அறையிலேயே இந்தத் தாயிடம் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது சிப்பைப் போடுவதற்குள் தலை பின்னத் தொடங்கிவிட்டார்கள். அவசரத்தில் சிப் போடாமலே எடுத்துவிட்டு, பிறகுதான் இரண்டாவதைப் போட்டிருக்கிறாள். கமரா ஒன்றும் சொல்லவில்லை, வழமை போல எடுத்தது. சிப் இல்லாமல் எப்படி எடுக்கும் என்று மருமகனுக்குப் போன் போட்டாள். அவர் சொன்னது முற்றத்தில் இருந்த எனக்கும் கேட்டது. "அந்தச் சின்னதுகளுக்கு வயித்துக்குள்ளயும் கொஞ்சம் எடம் இரிக்கி. பத்துப் பதினஞ்சி படம் கொள்ளும். பெரிசு அப்பிடி வைக்காது."

பெண்ணின் தாய் மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கமரா இப்ப எங்க?"

நான் கோழிக்கூட்டுக்கு வலைத் துண்டு கட்டிக்கொண்டிருந்தேன். எழும்பி வாசலுக்கு வந்து, "நான்தான் கடைக்குக் குடுக்கச் சொன்னன்" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நானா, ஒங்களுக்கும் பொம்புளப் புள்ள இரிக்கி" என்று அண்ணனிடம் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு கதிரையில் அமர்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ போவாத. அது வார மட்டும் நானும் எழும்ப மாட்டன், நீயும் எழும்ப ஏலா."

மகள் என்னைப் பார்த்தாள். "வாப்பா, நீங்க போங்க. எடுத்துட்டு வந்தாப் போதும். ஒரு பொத்தானையும் அமத்தாதீங்க. நீங்களும் பார்க்க ஏலா. கடைக்காரனுக்குக் காரணம் சொல்லாதீங்க. சொன்னா, பார்க்காதவனும் பார்ப்பான்."

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகிற பஸ்ஸில் ஏறினேன். வெங்காயத் தோட்டங்களும் கரண்ட் எடுக்கிற பெரிய காற்றாடிகளும் போய்க்கொண்டிருந்தன. முன் சீட்டில் இரண்டு இளந்தாரிகள் ஒரு போனை நடுவில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எழும்பி எட்டிப் பார்த்தேன். கிரிக்கட். திரும்ப அமர்ந்தேன். அவர்கள் மறுபடி சிரித்தார்கள். மறுபடி எழும்பினேன். "என்ன அப்பா, ஸ்கோர் வேணுமா?" என்று ஒருவன் கேட்டான். மன்னாரை விட்டு வந்த வள்ளத்திலும் நான் பயந்திருக்கிறேன். அது எங்கள் உயிருக்கான பயம், எல்லோரும் சேர்ந்து பயந்தோம். இது என் கையால் தள்ளிவிட்டது. பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்ல முடியாது.

கடைக்காரர் என்னிலும் பத்து வயது இளையவர்.

"வாங்க நானா. பெரியதுல ஏதும் கோளாறா?"

"இல்ல தம்பி. நாங்க தந்த சின்னது வேணும்."

"அல்லாவே! 'சுமை'ண்டு தள்ளி உட்டது நீங்கதானே?"

"மகளுக்கு அது ராசியான சாமான்."

"ராசி கீசிண்டு கதைச்சா பள்ளி ஹஸ்ரத் ஏசுவாரு" என்று சிரித்துக்கொண்டே மேசை லாச்சியைத் திறந்து கமராவை எடுத்தார். எடுத்த கையோடு பெருவிரல் பொத்தானுக்குப் போனது. நான் இரண்டு கையாலும் கமராவையும் அவர் கையையும் சேர்த்துப் பொத்திவிட்டேன்.

"என்ன நானா, தங்கம் கிங்கம் ஒளிச்சி வச்சிரிக்கீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கை நடுங்கியது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"மத்தியானம் ஒரு ஆள் இதப் பார்க்க வாறாரு. பெரியதக் கொண்டு வாங்க, மாத்தித் தாறன். இல்லாட்டி காசத் தாங்க" என்றார்.

இரண்டும் என்னிடம் இல்லை. சேட்டுப் பையில் அடையாள அட்டை மட்டும் இருந்தது. அதை எடுத்துக் கண்ணாடிக்கு மேல் வைத்தேன். "நாளைக்குக் காசோட வாறன். அது மட்டும் இது ஒங்கட்ட கெடக்கட்டும்."

அந்த அட்டை இல்லாமல் நான் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை. சோதனைச் சாவடிகள் இருந்த வருசங்களில் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குவேன். கனவில் அதைத் தொலைத்துவிட்டு எழும்புவேன். சாவடிகள் போன பிறகும் கை அடிக்கடி சேட்டுப் பையைத் தொட்டுப் பார்க்கும். எங்களைப் போல வந்தவர்களைப் புத்தளத்து ஆட்களுக்குத் தெரியும். கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இத வச்சிட்டு எப்பிடிப் போவீங்க?"

"போவன்."

அவர் வேறொன்றும் கேட்காமல் கமராவை என் பக்கம் நகர்த்தினார்.

அட்டை இருந்த பையில் கமராவைப் போட்டு, மேலே கையை வைத்து அமத்திக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். சரியான சனம். பாலாவி கழிந்ததும் யாரோ என்மேல் சாய்ந்தார்கள். பைக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு சாமான் உயிர் வந்த மாதிரி என் விலாவில் முட்டி முட்டி வெளியே வரப் பார்த்தது. சின்னக் கமராவின் மூக்கு. பெரியதில் மூக்கு எப்போதும் வெளியேதான் நிற்கும். சின்னது உள்ளே இழுத்து வைத்திருந்துவிட்டுக் கண் திறந்தால் நீட்டும். என் வெள்ளைச் சேட்டுக்குள்ளால் வெளிச்சம் தெரிந்தது.

"மாமா, ஒங்கட நெஞ்சு பத்துது" என்றான் பக்கத்தில் நின்றவன்.

நான் இரண்டு கையாலும் பொத்தினேன். பொத்தப் பொத்த அது வேறு வேறு சத்தம் போட்டது. நிப்பாட்டும் பொத்தான் எது என்று தெரியாது. தேட வேண்டுமென்றால் அதை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தால் என்ன தெரியும் என்று பயம்.

"தாங்க, நான் நிப்பாட்டித் தாறன்."

"வேணா மகன்."

"பெட்டரி வீணாப் போகும் மாமா."

"போகட்டும்."

"பழைய மனிசருக்குச் சாமான் பாவிக்கத் தெரியா" என்று அவன் யாருக்கோ சொன்னான். நான் கண்ணை மூடி, குனிந்து, நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். எல்லோரும் என்னைப் பார்க்கட்டும், இதைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று துஆக் கேட்டேன். மாம்புரிக்குக் கிட்ட வரும்போதுதான் அது ஒருமுறை முனகி, மூக்கை இழுத்துக்கொண்டு அணைந்தது.

வீட்டில் பெண்ணின் தாய் அதே கதிரையில் இருந்தாள். தேத்தண்ணீர் ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. மகள் கமராவை வாங்கி அமத்தினாள். பெட்டரி செத்துப்போயிருந்தது. பஸ்ஸில் நடந்ததை நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் சார்ஜில் போட்டாள், காத்திருந்தார்கள். பிறகு இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் முற்றத்தில் நின்றேன். உள்ளே பொத்தான் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. எண்ணினேன். பன்னிரண்டு. பிறகு இன்னும் ஒன்று.

மகள் கதவைக் கொஞ்சம் திறந்தாள். "பன்ரெண்டும் இரிக்கி வாப்பா. கடைசியா ஒண்டு, மேல சுத்துற கரண்ட் பேன். அது நான் எடுத்ததில்ல."

அப்படியென்றால் கடைக்காரர் ஒரு படம் அடித்துப் பார்த்திருக்கிறார். எடுத்தவர் அது எப்படி வந்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்திருப்பார். அதற்கு அடுத்ததாக இருந்தது தலை விரித்த பெண்.

"அவரு பார்த்திரிப்பாரா?" பெண்ணின் தாய் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். அவள் படங்களைச் சிப்புக்கு மாற்றி, கமராவின் வயிற்றைத் துப்புரவாக்கச் சொல்லி, முடியும் வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காசோடு போனேன். கடையில் அந்தப் பேன் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிமிர்ந்து பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு. கேட்கவும் முடியாது, கேட்டால் உள்ளே ஏதோ இருந்தது என்று ஆகிவிடும். கடைக்காரர் லாச்சியிலிருந்து என் அட்டையை எடுத்து, சேட்டு நுனியால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தக் கமரா வேல செய்யுதாண்டு பார்க்க ஒரு படம் அடிச்சன் நானா. திருப்பிப் பார்க்கக் கெடைக்கல்ல. பெட்டரி செத்துப் போச்சி. அப்பிடியே லாச்சிக்குள்ள போட்டுட்டன்."

நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார். பெட்டரி செத்துப்போனதாக அவர் சொன்ன கமரா, பாலாவியிலிருந்து மாம்புரி வரைக்கும் என் நெஞ்சில் எரிந்தது.

மகளிடம் வந்து, "பெட்டரி செத்துப் போனதாம். அவரு பார்க்கல்லயாம்" என்றேன். செத்த பெட்டரியைத்தானே அவளும் கண்டாள், நம்பினாள். உடனே போன் போட்டாள். அந்தப் பக்கம் பெண்ணின் தாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதது எனக்கும் கேட்டது. நான் சொல்லி எழுதுவித்த இதை வாசித்தால் இன்றுதான் மகளுக்குத் தெரியவரும்.

அதற்குப் பிறகு மகள் பெரியதை மட்டும்தான் கொண்டு போனாள். சிப் இல்லாவிட்டால் அது ஓர் எழுத்தை மின்ன மின்னக் காட்டி அடம்பிடிக்கும். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டு எடுக்கும். அதற்கு ஒளிக்கத் தெரியாது. அந்தப் பாரத்தைத் தோளில் சுமக்க எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

அந்தக் கலியாணப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வழியில் கண்டால் சலாம் சொல்லி, "சொகமா அப்பா?" என்று கேட்கும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லுவேன். அதற்கு ஒன்றும் தெரியாது, தாய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் "அத இப்ப ஆரு பார்க்கிறாங்களோ" என்ற என் மனைவியின் கேள்விதான் என் காதில் விழும்.

போன நோன்பில் கடைக்காரர் மௌத்தானார். ஜனாஸாவுக்குப் போனேன். தொழுகைக்கு முன் அவருடைய மூத்த மகன் எழும்பி நின்று, "எங்கட வாப்பா ஆருக்காச்சும் மனசு நோக ஏதும் செஞ்சிரிந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிப் பொருந்திக்கங்க" என்றார். பள்ளி நிறைய நின்ற ஆட்கள் ஒரே குரலில், "பொருந்திக்கிட்டம்" என்றார்கள்.

எனக்கு வாய் வரவில்லை. அவர் பார்த்திருந்தால், பொருந்த வேண்டியது நானில்லை, அந்தப் பெண். பார்க்காமல், கிழவனின் நடுக்கத்தைக் கண்டு ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னவர் என்றால், இத்தனை வருசம் சந்தேகப்பட்டதற்கு நான்தான் அவரிடம் பொருத்தம் கேட்டிருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல், கைகட்டி வரிசையில் நின்றேன்.

மையத்து வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். நானும் ஒரு மூலையில் தோள் கொடுத்தேன். மற்றக் கை, தன்பாட்டில், சேட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தது.