கேட்டு வாங்காத பிச்சை

ஜெர்மனியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு மங்கோலியப் பெண் குடியிருக்கிறார். காலையில் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தள்ளுவண்டிக்குள் குனிவார். என் மகளின் கன்னத்தைத் தொடாமல் காற்றிலேயே விரலால் வருடி, "ஹெஸ்லிஷ், ஹெஸ்லிஷ்" என்று கொஞ்சுவார். ஜெர்மன் மொழியில் அது அவலட்சணத்தைக் குறிக்கும் சொல். முதல் வாரம் அவருக்கு மொழித் தகராறு என்று நினைத்தேன். பிறகு மனம் வலித்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "நீங்கள் ஹுப்ஷ் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? அழகு என்று?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய்ப் படிக்கட்டின் மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். "அதைச் சொல்லாதே. கேட்டுவிடும்."

எது கேட்டுவிடும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவர் பெயர் எனேபிஷ். அன்றைக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்து பெயரின் கதையைச் சொன்னார். அவருக்கு முன்னால் பிறந்தவர்கள் தங்கவில்லை. அதனால் அவர் அம்மா இந்தப் பெயரை வைத்தாராம். அவர்கள் மொழியில் 'இது அல்ல' என்று பொருள். பிள்ளையைத் தேடி வருகிறவன் வாசலில் நின்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டுமே, அந்தப் பதிலையே பெயராக வைத்துவிட்டார்கள். சொல்லி முடித்துவிட்டு, "உன் மகள் பெயர் என்ன?" என்றார். யாழினி என்றேன். "அது வெளியே. வீட்டுக்குள்ளே?" என்றார். இந்த நாட்டில் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "பிச்சை." பொருளை விளக்கியதும், பக்கத்து ஊர்க்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எங்கள் பக்கத்தில் பிச்சை இல்லாத தெரு கிடையாது. நான் படித்த கல்லிடைக்குறிச்சிப் பள்ளியில் ஒரே வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். பிச்சையா, பிச்சைமுத்து, பிச்சைக்கனி. ஒருவன் கோயிலுக்குப் போகிறவன், ஒருவன் மாதா கோயிலுக்கு, ஒருவன் பள்ளிவாசலுக்கு. கணக்கு சார் "பிச்சை" என்று கூப்பிட்டால் மூவரும் எழுந்து நிற்பார்கள். "ஏலே, இத்தன பேரு கையேந்துனா நான் யாருக்குலே போட?" என்பார். வகுப்பே சிரிக்கும். பெண்களில் பிச்சம்மாள் உண்டு. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி தெலுங்குப் பெண். அவள் மாமா ஒருவர் பிச்சையா, இன்னொருவர் பெண்டையா. பெண்டை என்றால் குப்பைமேடு என்றாள். வடக்கே பிக்காரி என்றும் பக்கீர் என்றும் வைக்கிறார்கள். முன்பு எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. சாமி வேறு, மொழி வேறு, ஆனால் எல்லா வீட்டு வாசலிலும் ஏதோ ஒன்று வந்து நின்றிருக்கிறது. எல்லாரும் தனித்தனியாக ஒரே பொய்யைத்தான் அதனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என் முதல் மகன் இந்த ஊரில்தான் பிறந்தான். ஒரு பிற்பகலில் தூங்கினான், எழுந்திருக்கவில்லை. மருத்துவர்கள் கனிவானவர்கள். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "காரணம் ஒன்றும் இல்லை. நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை" என்றார்கள். நான் அறிவியல் படித்தவள். ஒரு காரணத்தைச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். காரணமே இல்லை என்று சொல்லிவிட்ட இடத்தில் அத்தையின் குரல் நுழைந்துவிட்டது. சேரன்மகாதேவியில் இருக்கும் என் மாமியாரைத்தான் சொல்கிறேன். மகள் பிறந்து யாழினி என்று பதிந்த அன்றைக்கே தொலைபேசியில் சொன்னார்: "ஏளா, அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாத. புள்ளயத் தூக்கிட்டு வா. தவிட்டுக்குக் குடுத்து வாங்கிருவோம்."

போனோம். அந்தச் சடங்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளையை முறத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் சுளகில், கிடத்தி, பிள்ளைகள் நன்றாகத் தங்கிய ஒரு பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அவள் ஒரு பிடி தவிடு தருவாள். அதோடு பிள்ளை அவளுடையது. பெற்றவள் பிறகு அவள் வாசலில் போய் நின்று முந்தானையை ஏந்தி, பிச்சை போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அப்படிக் கிடைத்த பிள்ளைக்கு அதுவே பெயர். பெற்ற பிள்ளையைத்தானே அது தேடும், பிச்சை வாங்கிய பிள்ளையை எதற்குத் தேடப்போகிறது?

எதிர்வீட்டு பாத்து அக்காவைத்தான் அத்தை ஏற்பாடு செய்திருந்தார். அவருக்கு மகன்களும் மகள்களுமாக வீடு நிறையப் பிள்ளைகள். மூத்தவன் துபாயில் இருக்கிறான். சுளகை வாங்கிக்கொண்டவர், "எம் புள்ள என்ன வெள்ளையா இருக்கு! சீமத் தவிடுல்லா தின்னு வளந்திருக்கு" என்று சிரித்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அசிங்கம் புடிச்ச புள்ள" என்று திருத்தினார். நான் எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து காத்திருந்தேன். அத்தை கூப்பிடும்போது போய்க் கேட்க வேண்டும். அதற்குள் பிள்ளை அழுதாள். என் மகன் அழாமலே போனவன். ஒரு பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியவில்லை. தெருவைத் தாண்டி, பாத்து அக்கா வீட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்து, அவளை அள்ளியெடுத்துப் பால் கொடுத்து, அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தை முகம் மாறிப்போனது. "கேட்டு வாங்கலியா?"

"அழுதா அத்தை."

"அழத்தான் செய்யும். கேக்காம எடுத்துட்டு வந்தா அது பிச்சையா? களவுல்லா!"

அன்றுதான் நாங்கள் திரும்பும் நாள்; வாசலில் விமான நிலையத்துக்குப் போகும் கார் வந்து நின்றுவிட்டது. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து, சற்றுப் பொறுத்துக் கேட்க நேரம் இல்லை. பாத்து அக்கா கார்ச் சன்னலுக்குள் கையை விட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டார். "விடு, அடுத்தவாட்டி வரும்போது கேளு, தாரேன். அதுவரைக்கும் எம் புள்ளய பத்திரமாப் பாத்துக்க." அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

இங்கே வந்து சேர்ந்த பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். யாழினி என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. குழந்தை மருத்துவர் காதைச் சோதித்தார். பழுதில்லை. வீட்டில் நான் முணுமுணுப்பாகப் பிச்சை என்றால் அடுத்த அறையிலிருந்து தவழ்ந்து வருவாள். கித்தாவில், அதாவது இங்குள்ள மழலையர் காப்பகத்தில், அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். பார்த்துக்கொள்ளும் பெண்மணி பொருள் கேட்டார். பிச்சைக்கு ஜெர்மனில் உள்ள ஒரு சொல்லைச் சொன்னேன்; அதற்குப் பரிசு என்றும் பொருள் உண்டு. அவர் முகம் மலர்ந்தது. "ஆ, பரிசு! கடவுள் தந்தது! எங்கள் டொரொதெயா என்ற பெயர் மாதிரி!" நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் மனம் அரித்தது. பரிசு கேட்காமல் வருவது. பிச்சையை ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் போட வேண்டும். நான் கேட்கவே இல்லையே.

என் மகன் போன வயதை அவள் எட்டினாள். நான் பகலில் தூங்குவதை நிறுத்தினேன். அவளோ தும்மல்கூட இல்லாமல் அந்த வயதைத் தாண்டிப் போனாள். அப்போதுதான் அந்த எண்ணம் முதல்முறையாக வந்தது. இவள் நன்றாக இருப்பது இவள் என்னுடையவள் அல்ல என்பதாலா? கேட்டு வாங்கினால் மறுபடி என் பிள்ளை ஆகிவிடுவாளா? அத்தை சொல்வது சரியா, நான் பயப்படுவது சரியா? ஒரு கேள்விக்கு இணங்கினால் மற்றது பிடித்துக்கொண்டது. எனேபிஷிடம் கேட்டேன். தன் அம்மா கடைசிவரை தன்னை "என் மகள்" என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்றார். சாகும் தறுவாயில் மருத்துவமனையில் செவிலி, "பக்கத்தில் நிற்பது யார்?" என்று கேட்டாராம். அம்மா நன்றாகப் பார்த்துவிட்டு, "தெரியாது" என்றாராம். அதை அவர் பெருமையாகச் சொன்னார்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். காரை விட்டு இறக்கியதும் யாரும் காட்டாமலே தெருவைத் தாண்டி நேரே பாத்து அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள். அத்தை என்னைக் குளித்துச் சேலை கட்டி வரச் சொன்னார். நண்பகல். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. முந்தானையை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே பாத்து அக்கா பிள்ளையை மடியில் வைத்திருந்தார். அவள் என்னை, யாரோ வீட்டுக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கேளு," என்றார் அத்தை பின்னாலிருந்து.

வாயைத் திறந்தேன். அந்த நொடியில் தெருவில் இன்னொருவரும் நின்று காது கொடுப்பதுபோலத் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். அத்தையின் நிழல் மட்டும் இருந்தது.

"ஒண்ணும் கேக்க வரலக்கா," என்றேன். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பாத்து அக்கா பிள்ளையை மடியோடு இறுக்கிக்கொண்டார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்: "பாத்தாச்சுல்லா, போ. எம் புள்ளய நான் யாருக்கும் குடுக்கதா இல்ல." அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் பாத்து அக்காவே பிள்ளையைக் காரில் ஏற்றிவிட்டார். "சீமைக்கு விருந்துக்கு அனுப்புதேன். லீவுக்குக் கொண்டாந்து விட்ரணும், என்ன?" என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

ஜெர்மனியில் இறங்கியதும் எல்லைச் சோதனைக் கூண்டில் ஓர் இளைஞர் இருந்தார். என் கடவுச்சீட்டில் என் தந்தையின் பெயர், அவளுடையதில் அவள் தந்தையின் பெயர். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார். "இது உங்கள் மகளா?" ஒரே சொல்லில் முடிந்திருக்கும். பிள்ளை அண்ணாந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ மிக நெருங்கி வந்து நின்றதை உணர்ந்தேன். அவர் மறுபடி கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல், அவளுடைய பிறப்புச் சான்றிதழைக் கண்ணாடிக்கு அடியில் மெல்லத் தள்ளினேன்.