முதல் வரிசையில் ஒரு பிளம்பர்

நம் பிளம்பர் பதினோரு வருஷமாகப் பேராசிரியர். அதுவும் சங்கீதப் பேராசிரியர். படித்தது எட்டாம் வகுப்பு, அதையும் இரண்டு தடவை. எல்லாம் ஒரு காலி நாற்காலி செய்த வேலை.

நூற்றைம்பது வருஷப் பழைய வெளிநாட்டுத் தூதர் மாளிகை அது. மாதத்தில் ஒரு சாயங்காலம் அதன் கூடத்தில் இரண்டு நாட்டுக் கலைஞர்களும் பாடுவார்கள், வாசிப்பார்கள். கலைப் பரிமாற்றம் என்று பெயர். அப்படி ஒரு நாள், கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது கூடத்துச் சுவர் கசிய, மாளிகை மேனேஜர் இவரை இழுத்துக்கொண்டு வந்தார். சுவரைக் கொத்திப் பார்த்தால், குழாய் திரும்பும் இடத்தில் எல்போ என்கிற வளைவுத் துண்டு கீறல் விட்டிருந்தது. மாற்று எல்போ கைவசம் இல்லை. சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினார்.

"இது இன்னைக்கு ஒரு நாள் தாங்கும் சார். காலையில வந்து புதுசு போட்டுடறேன்."

மேனேஜர் காதில் எங்கே விழுந்தது? ஓட்டையை மறைக்க, மாளிகையின் முதல் தூதர் படத்தை அதன்மேல் மாட்டினார். திரும்பிப் பார்த்தால் முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலி. அழைத்திருந்த பேராசிரியருக்குக் காய்ச்சலாம்.

"கையைக் கழுவிட்டு வாய்யா" என்று யாருடைய கோட்டையோ மாட்டிவிட்டு, பிளம்பரை அதில் உட்கார வைத்துவிட்டார்.

பாவம் மனுஷன், கண் கொட்டாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்ந்தால்? படத்துக்கு நேர் கீழேதான் பாடகி நின்றிருந்தார். அந்த அம்மாள் குரலை உயர்த்தும்போதெல்லாம் இவருக்கு நெற்றி வேர்த்தது, ஒரு கட்டத்தில் கண்ணே கலங்கிவிட்டது. தூதர் அசந்துபோனார். இப்படி ஒரு ரசிகரா என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாள் எல்போவும் கையுமாகப் பின்வாசலுக்குப் போனால் காவலர் சல்யூட் அடித்தார்.

"விருந்தாளிங்க முன்வாசல் வழியாத்தான் வரணும் சார்."

முன்வாசலுக்குப் போனார்.

"விருந்தாளிங்க கருவிப் பையெல்லாம் கொண்டு வரக்கூடாது சார்."

மேனேஜர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். "உண்மை தெரிஞ்சா என் வேலை போயிரும்யா. வாயைத் திறக்காதே!" வேறு பிளம்பரை உள்ளே விடவும் இவருக்கு மனசில்லை. அந்தக் கட்டைப் பார்த்தால் தொழில்காரன் எவனும் காறித் துப்புவான். வீட்டில் வேறு ஒரு கூத்து. அழைப்பிதழ் தம்பதி பேருக்கு வந்தது.

"பேராசிரியர் சம்சாரம்னு என்னைப் பக்கத்துல உட்கார வெச்சுப் பேசறாங்க. கெடுத்தீங்கன்னா பாருங்க!" என்றாள் மனைவி.

நான்கு தூதர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் போகும்போது சாவிக்கொத்தோடு இவரையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். படத்துக்குக் கீழே உள்ளங்கை அளவு இருந்த ஈரம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. இவருக்குத் தூக்கம் போனது. படுத்தால் சொட்டு விழும் சத்தம். எழுந்து போய் வீட்டுக் குழாய்களையெல்லாம் இறுக்கிவிட்டு வருவார்.

"இதுக்கு மேல தாங்காதுடி. அந்தக் கூடம் முங்கினா என் கையால முங்கினதுதான்" என்று ஒருநாள் அழுதேவிட்டார். அன்றைக்குத்தான் அவளும் இவர் பக்கம் சேர்ந்தாள்.

அப்புறம் நடந்தது பச்சைத் திருட்டு, ஆனால் தலைகீழ்த் திருட்டு. ஒரு மாதம் கோட்டுக்குள் ஸ்பேனர். மறுமாதம் இடுப்பில் சின்ன ரம்பம்; மனுஷன் அன்று மூன்று மணி நேரம் குனியவே இல்லை. அதற்கடுத்து அவள் கொண்டைக்குள், குழாய் மரையில் சுற்றும் சணல் நூல். எல்லாம் கூடத்து மூலையில் இருந்த ஆளுயரப் பூஜாடிக்குள் போயின. கடைசியாக எல்போவும் இணைப்புத் துண்டும் போய்ச் சேர்ந்தன.

அடுத்த கச்சேரியின் இடைவேளையில் எல்லோரும் பழச்சாறு குடிக்கத் தோட்டத்துக்குப் போனார்கள். அவள் அங்கே பூவைப் பார்ப்பதுபோலக் குனிந்து, கூடத்துக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடினாள். இவர் படத்தை இறக்கினார். தொட்டதுதான் தாமதம், பழைய ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அறுத்து, நூல் சுற்றி, கடைசித் திருகு திருகும்போது பின்னால் செருமல் கேட்டது. தூதர்! பக்கத்தில் பேயறைந்த முகத்தோடு மேனேஜர்.

"பேராசிரியரே, தாங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்றார் தூதர். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர்.

"நான் பேராசிரியரும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். பிளம்பர். பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கி. அப்புறமா என்ன வேணா பண்ணிக்குங்க, இந்தத் திருகை மட்டும் முடிச்சுக்கறேன்."

"என்ன அடக்கம்!" தூதர் கை கூப்பினார். "எங்கள் நாட்டில் பேராசிரியர்கள் பல்பு மாட்டவும் ஆள் அழைப்பார்கள். இங்கோ ஒரு மேதை, விருந்தளித்த வீட்டின் சுவரைத் தம் கையால் செப்பனிடுகிறார்! இதை அறிக்கையில் எழுதியே தீருவேன்."

இவர் திருகி முடித்ததும் படத்தைத் தூதரே தூக்கி மாட்டினார். மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மணி அடித்தது. அவள் வால்வைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இவர் சுவரைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. வயலின்காரர் இரண்டு இழுப்பு இழுத்ததும், அந்தக் கூடத்தில் யாரும் கேட்டிராத சத்தம் ஒன்று முதல் வரிசையிலிருந்து எழுந்தது. குறட்டை. வில் பாதியில் நின்றது.

தூதர் கலங்கிப்போய் அவள் பக்கம் சாய்ந்தார். "அம்மையீர், இசை பேராசிரியருக்கு உவப்பாக இல்லையோ?"

அவள் புருஷன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அதெல்லாம் இல்ல சார். இத்தனை வருஷமா முழிச்சுக்கிட்டே இருந்தாரு. கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க."