மஞ்சள் தண்ணீரோடு பை வாங்கப் போனது

மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பச்சைப் பையை எறியச் சொல்லி நீங்கள் இரண்டு பேரும் நச்சரிக்கிறீர்கள். நான் எறியமாட்டேன். ஏன் என்று எழுதிவைக்கிறேன்.

அது எண்பதுகளின் கடைசி. நீங்கள் பிறக்கவில்லை. நானும் உங்கள் அம்மாவும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மனோர் பார்க்கில் ஓர் அறையில் இருந்தோம். எனக்கு ஒரு மருந்துக் கடையில் கவுண்டர் வேலை கிடைத்திருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால் கோட்டில் குத்த ஒரு பெயர்ப் பட்டி தருவார்கள். வெள்ளைக் கோட்டு போட்டுத்தான் கவுண்டரில் நிற்க வேண்டும். அதை நாங்களே தினமும் தோய்த்து, அயர்ன் பண்ணிக் கொண்டுபோக வேண்டும்.

நான் சைக்கிளில் போனேன். ஊரில் செய்ததுபோலவே ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டு ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போனேன். பையில் என்ன? அடியில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் சோறும் மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சொதியும், மேலே கோட்டு. ஐஸ்கிரீம் பெட்டி மூடி ஐஸ்கிரீமுக்குத்தான் சரி. சொதிக்குச் சரிவராது. இரண்டு தரம் கோட்டு மஞ்சளானது. பிளாஸ்டிக் பையால் சுற்றியும் பார்த்தேன். சொதி அதற்குள்ளும் வழி கண்டுபிடித்தது. சொதியை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெறும் சோறு தொண்டையால் இறங்குமா?

வெள்ளிக்கிழமை மனேஜர் அம்மா என் கோட்டுப் பொக்கற்றில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். திங்கட்கிழமை என் மூன்று மாதம் முடிகிறது என்றும், அன்றைக்கும் கோட்டில் கறை இருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சனிக்கிழமை ஒரு நல்ல பை வாங்குங்கோ," என்றார். "சும்மா பாத்து வாங்காதேங்கோ. பெட்டியையும் கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ."

"சொதியோடயோ?"

"விசரே உங்களுக்கு? தண்ணிக்குள்ள மஞ்சளைக் கரைச்சுத் தாறன். பழைய வேட்டித் துண்டாலை பெட்டியைச் சுத்துவம். சிந்தினால் துண்டு காட்டித்தரும்."

எனக்கு அன்று நித்திரை சரியாக வரவில்லை. புதுப் பை வாங்கும் சந்தோசம், சின்னப் பிள்ளைக்குக் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கியது போலத்தான்.

சனிக்கிழமை காலை பக்கத்தில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் பை விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணை. நான் வேட்டித் துண்டு சுற்றிய பெட்டியை வெளியே எடுக்க அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நீர் பை வாங்க வந்தனீரோ, கோயில் நேர்த்திக்கடனுக்கு வந்தனீரோ?"

"அண்ணை, பெட்டிக்குள்ள மஞ்சள் தண்ணி. இதை வைச்சுப் பாத்துத்தான் வாங்குவன்."

"பாரும். ஆனால் மஞ்சள் பட்டால் அது உம்முடைய பை."

முதலில் முதுகில் போடும் பை. போட்டுக்கொண்டு, சைக்கிளில் இருக்கிறமாதிரிக் குனிந்தேன். பெட்டியும் என்னோடு குனிந்தது. பாய்ந்து வெளியே எடுத்தேன். துண்டில் மஞ்சள், பை தப்பியது. அண்ணை மூச்சுவிட்டார். அடுத்து ஹாண்டிலில் கொழுவும் பை. தெருவில் சைக்கிளை ஒரு வளைவு வளைத்ததும் பை ஆடிப்போய் முன்சில்லில் உரசியது.

"இனி உமக்கு உதுதான்," என்று மேல்தட்டிலிருந்து ஒரு பச்சைப் பையை இறக்கினார். பை என்றும் சொல்ல ஏலாது. இரண்டு பைகளை ஒரு பட்டியால் சேர்த்துத் தைத்திருந்தது. சைக்கிளின் பின் கரியரில் போட்டால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சோறு ஒரு பக்கம், கோட்டு மற்றப் பக்கம். நடுவில் பின்சில்லு.

"அண்ணை, இதைக் கட்டித் தாங்கோ."

"மஞ்சள் தண்ணி ஊத்திப் பாக்கேல்லையோ?"

"தேவையில்லை அண்ணை."

"ஒரு பக்கம் பாரமெண்டால் சைக்கிள் சரியும். பூட்டுச் சங்கிலியை மற்றப் பக்கத்து வெளிப்பொக்கற்றுக்குள்ள போடும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காரணமே இல்லாமல் அந்தப் பையோடு தெருவைச் சுற்றினேன்.

திங்கட்கிழமை காலை ரொம்ஃபோர்ட் ரோட்டில் எனக்கு முன்னால் பஸ் சடாரென்று நின்றது. நானும் பிறேக் பிடித்தேன். சோற்றுப் பக்கம் 'களக்' என்றது. நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான் ஒரு சத்தம். இறங்கிப் பார்க்கப் பயந்து நேரே கடைக்கு மிதித்தேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைப் பறித்தார். முதலில் சோற்றுப் பக்கத்தைத் திறந்துவிட்டார். உள்ளே எல்லாம் மஞ்சள். அப்படியே கட்டிலில் குந்திவிட்டார்.

"எல்லாம் போச்சு, என்னப்பா?"

"மற்றப் பக்கத்தையும் திறந்து பாருமப்பா."

திறந்தார். கோட்டு ஒரு கறையும் இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. நெஞ்சுப் பக்கத்தில் என் பெயர்ப் பட்டி குத்தியிருந்தது.

அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டியைக் கழட்டித் தாங்கோ, கோட்டைத் தோய்க்க வேணும்," என்றார்.

நான் கழற்றவில்லை. அன்று ஒரு நாள் அந்தக் கோட்டைத் தோய்க்க விடவில்லை.