ரதி வந்து நின்ற வரிசை

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கொழுந்துக் கூடை முதுகில் ஏறிவிட்டது. பேச்சும் அப்படித்தான், நாலு பேர் கூடினால் முந்தானைக்குள் ஒளிகிற ஆள் நான். ஞாபகமும் இப்போது ஓட்டைக் கூடை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் தம்பி மகள் கொழும்பிலிருந்து ஒரு பவுடர் டப்பா கொண்டுவந்தாள். இந்த வயதில் யாரை மயக்க என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்தேன். ரோஜாப்பூ வாசம். சட்டென்று சின்னராசு கண்முன் வந்து நின்றுவிட்டான்.

வட்டவளைப் பக்கம் எங்கள் தோட்டம். சின்னராசு எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீட்டுக்காரன், தனி ஆள். பகலில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவான். மாசி மாதம் காமன் கூத்து வந்தால் அவன்தான் ரதி. எங்கள் பக்கம் ரதி வேஷமும் ஆண்தான் கட்டுவது. இதே பவுடர் மணக்க அவன் சேலைக் கொசுவத்தை உதறிவிடும் அழகு எங்களில் ஒருத்திக்கும் வராது. மன்மதனைச் சிவன் எரித்ததும் ரதி ஒப்பாரி வைப்பாள் பாருங்கள், என் புருஷன் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

ஒரு வருஷம் மன்மதன் கட்டுகிறவனுக்கு அம்மை போட்டுவிட்டது. உடப்புசல்லாவையிலிருந்து செல்லத்துரை என்று ஒருவனைக் கூட்டி வந்தார்கள். எரித்த மன்மதனை மூன்றாம் நாள் எழுப்புவது வழக்கம். எழுப்பினார்கள். எழும்பியவன் ஊருக்குப் போகவில்லை. சின்னராசு வீட்டிலேயே தங்கிவிட்டான்.

லயத்தில் எதையும் மறைக்க முடியாது. எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை, நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டில் இருமினால் நாங்கள் மல்லித் தண்ணீர் வைப்போம். அவர்கள் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி மாதிரிதான் என்பது ஒரு மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கோவில் காரியக்காரர்கள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார்கள்தான். ஆனால் அடுத்த மாசியில் ரதிக்கு வேறு ஆள் எங்கே போய்த் தேடுவது?

தண்ணீர் பிடிக்கிற பீலியில்தான் கேலி. என் அடுத்த வீட்டுக் காமாட்சி அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னடா ரதி, ஒன் மன்மதனுக்கு இன்னைக்கு என்ன கறி?"

"பருப்புதாங்க்கா. ஒங்க வீட்டு மன்மதனயும் அனுப்புங்க, ஊத்தி விடுறேன்."

"எங்க வீட்டு மன்மதனயா? அதுல நெருப்பு வச்சா ஒரு வாரத்துக்கு அணையாதுடா, அம்புட்டுச் சாராயம்!"

அது சண்டைக் காலம். சண்டை வடக்கில்தான். ஆனால் கொழும்பில் குண்டு வெடித்தால் எங்கள் தோட்டத்தில் ஜீப் வந்து நிற்கும். வெளியூர்த் தமிழ்ப் பையன் என்றால் முதல் சந்தேகம் அவன் மேல்தான். கொண்டு போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

ஒருநாள் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றோம். ஆர்மிக்காரர்கள் வந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு பெண்ணும் முன்னால் போய்த் தன் வீட்டு ஆணைக் காட்ட வேண்டும், காட்டினால் விடுவார்கள். நான் என் புருஷனையும் தம்பியையும் காட்டினேன். சின்னராசை எல்லோருக்கும் தெரியும், கங்காணியே சொல்லி விடுவித்துவிட்டார். விடுபட்டவர்கள் ஓரமாக நிற்க, கடைசியில் செல்லத்துரை மட்டும் மிஞ்சினான். அடையாள அட்டை இல்லை. காட்டுவதற்கு வீட்டில் பெண்ணும் இல்லை.

"மேயா கவுத?" யார் இவன் என்று ஆர்மிப் பெரியவர் கேட்டார். செல்லத்துரையின் சட்டையைப் பிடித்து ஜீப் பக்கம் இழுத்தார்கள்.

அப்போது சின்னராசு ஆண்கள் பக்கத்திலிருந்து களத்தைக் குறுக்காகக் கடந்து வந்தான். பவுடர் இல்லை, சேலை இல்லை, முட்டி வரைக்கும் நேற்றைய மண். எனக்கும் காமாட்சி அக்காவுக்கும் நடுவில் ஓர் இடம் விழுந்தது. அதில் வந்து நின்று கையை நீட்டி, "அது எங்க வீட்டு ஆளுங்க" என்றான்.

சிப்பாய்கள் சிரித்தார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். சின்னராசு நகரவில்லை. காமாட்சி அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க என்னா இருக்கு? அந்த வூட்ல சோறு பொங்குறது இவன்தான்" என்றாள். பெரியவருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும் போல. சிரிக்காமல் என்னைப் பார்த்து, இது உண்மையா என்று சிங்களத்தில் கேட்டார். ஏன் என்னைக் கேட்டாரோ! "ஒவ் மாத்தயா," என்றேன், "அபே மினிஹா." ஆமாம் ஐயா, எங்கள் ஆள். எனக்குப் பின்னால் பெண்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். கோவில் காரியக்காரர் பெண்சாதியும் சொன்னாள்.

விட்டுவிட்டார்கள். அன்று கொழுந்து எடை போட்டபோது என் கூடைதான் குறைவு.

தம்பி மகளிடம் இதைச் சொன்னேன். அவள் கொழும்பில் இப்படிப்பட்டவர்களின் உரிமைக்காக ஊர்வலம் போகிறவள். சட்டத்தில் இன்னும் இது குற்றம்தானாம். "நாம இந்த நாட்டு ஆளே இல்லன்னு சொன்னதும் ஒரு சட்டந்தானே புள்ள" என்றேன். எங்களுக்குத் தெரிந்த உரிமை பிரஜாவுரிமை ஒன்றுதான்; அதற்கே எத்தனை வருஷம் நின்றோம்.

"ஒங்களுக்கெல்லாம் அது தப்புன்னு தோணலயா அத்தை?"

"சில பேருக்குத் தோணுச்சு. ஆனா ஆளப் புடிச்சுக் குடுக்கத் தோணல."

அவள் வெகுநேரம் என் கையை விடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. சொல்கிறபோது சொல்லட்டும், நான் இருக்கிறேன்.

சின்னராசு நெஞ்சு நோயில் போய்விட்டான். கொள்ளி வைத்தது செல்லத்துரைதான். ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. பிறகு அவன் உடப்புசல்லாவைக்கே போய்விட்டான். காமாட்சி அக்காவும் இல்லை. லயத்தை இடித்துத் தனித்தனி வீடு கட்டியாயிற்று, வீட்டுக்கு வீடு குழாய். பீலி காய்ந்து கிடக்கிறது. இப்போது யார் இருமினாலும் யாருக்கும் கேட்காது.

ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அன்று களத்தில் முதலில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டது காமாட்சி அக்கா என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எதிர்ப்பக்கம் நின்று பார்த்த என் தம்பி, இல்லை, நீதான் என்கிறான். செல்லத்துரை உயிரோடிருந்தால் அவனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.