முருகேசன் செய்த வேலை சுழியம்

அறிவியல் படம் எடுக்கிறவர்களுக்கு இரண்டு வகை ரசிகர்கள்தான்: தூங்குகிற மாணவர்கள், அவர்களை எழுப்பிவிட்டுத் தாங்களும் தூங்குகிற ஆசிரியர்கள். பூனாவில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதினோரு வருஷமாக இந்தப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதி, குரலும் கொடுக்கிறேன். சம்பளத்துக்கு எழுதுகிற எவருக்கும் என் கஷ்டம் புரியும், மற்றவர்கள் புரிந்ததுபோல் தலையாட்டினால் போதும்.

நீளம்

படம் முதலில் மராத்தியில் தயாராகும். அந்த வாக்கியம் மூன்று வினாடியில் முடிந்தால் என் வாக்கியத்துக்கு ஐந்து வினாடி வேண்டும். 'இடப்பெயர்ச்சி' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் திரையில் பந்து உருண்டு, நின்று, அடுத்த பாடமே வந்துவிடும். எடிட்டர் சச்சின் நல்ல பையன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருநாள் மரியாதையாகத்தான் கேட்டான்:

"சார், ஆப்கி தமிழ் கப் கதம் ஹோகி?"

உங்கள் தமிழ் எப்போது முடியும் என்று அர்த்தம். அந்தக் கவலை எனக்கும் உண்டு.

படை

இப்போதெல்லாம் முதல் வரைவைக் கணினியே மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறது. திருத்துவதற்குத்தான் நான். ஒரு சளிக்காய்ச்சல் வாரத்தில், விசை என்று வர வேண்டிய இடத்தில் அது 'படை' என்று போட்டிருந்ததைக் கவனிக்காமல் அப்படியே பேசித் தொலைத்துவிட்டேன். 'பெட்டியின் மீது படை செலுத்தப்படும்போது பெட்டி நகர்கிறது.'

வெளியே அனுப்புமுன் யாருக்காவது போட்டுக் காட்டுவது வழக்கம். நான் குடியிருக்கும் லோஹேகாவ் பகுதியில் பக்கத்து வீட்டுக்காரர் விமானப்படையில் இருக்கிறார், வேலூர்க்காரர். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் முழுதாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு பொட்டிய தள்றதுக்கெல்லாம் எங்களக் கூப்ட்டா வர மாட்டோம் சார்."

அசையாமல் நிற்க ஓர் ஆள்

'வேலை' என்ற பாடத்துக்குப் பூனா பக்கம் போசரியில் ஒரு பட்டறையில் படப்பிடிப்பு. கனமான இரும்பு வார்ப்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். அங்கே வேலை பார்க்கிற முருகேசனைப் பிடித்தோம். சங்கரன்கோவில் பக்கம். குடும்பம் ஊரில், இவர் மட்டும் இங்கே.

ஒருமுறை வெளிச்சம் சரியில்லை, ஒருமுறை பின்னால் யாரோ தும்மினார்கள். எட்டு தடவை எடுத்தோம். எட்டாவதில் சட்டை தொப்பலாக நனைந்து, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. போதும், வேறு ஆளைப் போடலாம் என்றேன். அவர் வார்ப்பைக் கீழே வைக்கவில்லை.

"எடுங்க சார். எம் மக ஒன்பதாங்கிளாஸ் படிக்கா. பள்ளிக்கூடத்துல இதப் போடுவாங்கல்லா?"

ஒரே சொல்

பொருள் நகராவிட்டால், எவ்வளவு நேரம் தாங்கினாலும் செய்த வேலை சுழியம். இதுதான் பாடம். மராத்தியிலும் இந்தியிலும் இந்த வேலைக்குக் 'கார்ய' என்று தனிச்சொல் இருக்கிறது, வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற வேலை வேறு சொல். அதனால் மராத்திப் படத்தைப் பார்த்த பட்டறைக்காரர்கள் யாருக்கும் உறுத்தவில்லை. நம் பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே 'வேலை'. முருகேசனின் முகம் திரையில் பெரிதாக நிற்க, என் குரல் கணீரென்று சொல்கிறது: 'இவர் செய்யும் வேலை சுழியம்.'

படம் ஊர்ப் பள்ளிக்கும் போனது. 'எங்கப்பா வராரு பாருங்க' என்று முருகேசனின் மகள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். படம் போட்டதும் வகுப்பே சிரித்திருக்கிறது. 'ஒங்கப்பா பூனாவுல சும்மாதான் நிக்காராம்' என்பது அன்றிலிருந்து அவளுக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. முருகேசன் என்னைப் போனில் கூப்பிட்டு இதைச் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க சொன்னது தப்புன்னு சொல்லல சார். அவ போனுக்கு வர மாட்டேங்கா, அதான்."

நாலு வினாடி

வெட்கமாக இருந்தது. எட்டு தடவையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஒரு வரி சேர்க்க அனுமதி கேட்டு எங்கள் பாட நிபுணரிடம் போனேன். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்:

"ஃபிசிக்ஸ் கரெக்ட் ஹை. ஃபீலிங்ஸ் மேரா டிபார்ட்மென்ட் நஹி ஹை."

பாடம் சரிதான், உணர்ச்சியெல்லாம் அவர் இலாகா இல்லையாம். தசை சக்தியைச் செலவழிப்பதும் ஃபிசிக்ஸ்தானே மேடம் என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். என் வரிக்கு நாலு வினாடி தேவைப்பட்டது. சச்சின் ஒன்றும் கேட்காமல், எட்டாவது தடவை எடுத்ததில் அந்த நடுங்குகிற கையை நாலு வினாடி கூடுதலாக ஓடவிட்டான். அதன்மேல் பேசினேன்: 'ஆனால் இவர் உடல் சக்தியைச் செலவழிக்கிறது. இவருடைய களைப்பு உண்மை.'

திருத்திய படத்தை முருகேசனுக்கு அனுப்பினேன். மகளுக்கும் அனுப்பச் சொன்னேன். காலாண்டுப் பரீட்சை முடிந்தபிறகு ஒருநாள் மதியம் கூப்பிட்டார்.

"விசை இருந்தும் வேலை நடக்காததுக்கு ஒரு உதாரணம் கேட்டிருக்காங்க சார். 'எங்கப்பா'ன்னு எழுதி, கீழ 'களைப்பு உண்மை'ன்னும் எழுதிருக்கா. முழு மார்க்காம். அவளே போன் போட்டுச் சொன்னா."

பதினோரு வருஷமாக நகராத இந்தத் தமிழ் வசனத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நானும்தான் நிற்கிறேன், கணக்குப்படி என் வேலையும் சுழியம், தோள்வலி மட்டும் உண்மை.