நாக்கைத் தூக்கிக் காட்டியவர்

மாதா கோவில் வாசலில் செல்போனை அணைக்கச் சொல்லிப் புதிதாக அட்டை மாட்டியிருந்த வருடம் அது. ஞாயிறு பூசையில், நன்மை என்கிற அப்பத்தை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார் அவர். நாற்பது வயதிருக்கும். மேட்டுப்பாளையம் கம்பெனி ஒன்றின் நீலச் சட்டை. அந்த வெயிலிலும் முழுக்கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார்.

சாமியார் அப்பத்தை அவர் நாக்கில் வைத்தார். விழுங்கியவர் நகரவில்லை. வாயை அகலத் திறந்து, நாக்கை மேலே தூக்கி, சாமியாரிடம் காட்டினார்.

சாமியாரின் கை அந்தரத்தில் நின்றது. "கொழுப்பைப் பாரு!" என்றாள் பின்னால் ஒரு பெண். அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

நானும் நன்மை வாங்கிக்கொண்டு, கோபத்தோடு பின்னாலேயே போனேன். கொடிமரத்தடியில் வாயைப் பொத்தியபடியே நின்றார்.

"கோவில்ல என்னங்க வெளையாட்டு?"

"சத்தியமா வெளையாட்டில்லண்ணே, பழக்கதோஷம். போதை ஊசிய விடறதுக்கு ஆஸ்பத்திரில தெனமும் மாத்திரை குடுக்கறாங்க. பொடி பண்ணி நாக்குக்கு அடியில போடுவாங்க. கரைஞ்சதும் நர்சம்மாகிட்ட நாக்கைத் தூக்கிக் காட்டணும். மறைச்சு எடுத்துட்டுப் போய் வித்துடுவோம்னு பயம். நானே வித்திருக்கேன்."

அவர் கோவிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க யாரும் பாக்கறதில்லல்ல? குடுத்துட்டு அப்படியே நம்பிடறாங்கல்லண்ணே?" என்றார், நம்ப முடியாதவர்போல.

அன்றிலிருந்து நன்மை வாங்கி வாயை மூடும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் திக்கென்கிறது. என் வாயை யாரும் திறந்து பார்த்ததேயில்லை.