மேலப்பாளையத்தில் நான் எரித்த தையல் மெஷின்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நோட்டைத் திறப்பேன். மேலே ‘முருகா’ என்று எழுதுவேன். அடுத்த வரிக்குக் கை வராது, மூடி வைத்துவிடுவேன். சம்பந்தப்பட்டவர்கள் வருத்தப்படுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. என்னைப் பற்றி நாலு பேர் வைத்திருக்கும் நல்ல எண்ணம் போய்விடும் என்ற பயம்தான். இப்போது கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, மெஷின் வேலையை விட்டுவிட்டேன். இனிமேலும் மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை

வண்ணார்பேட்டையில் ஒரு தையல் மெஷின் கடையில் ஃபிட்டராக இருந்தேன். மெஷின் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் மாட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. தைக்கிற பாகமான ஹெட்டை டேபிளில் உட்கார வைக்க வேண்டும். பெல்ட்டை அளந்து வெட்டி, கம்பிக் கொக்கி போட்டு, கீழ் வீலுக்கும் மேல் வீலுக்கும் மாட்ட வேண்டும். எண்ணெய் ஓட்டைகளில் ரெண்டு ரெண்டு சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுக்குப் பிடித்துவிடும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும், அவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் அதையே விடுவார்கள். பாபினில் நூல் சுற்றி, கேசில் போட்டு, மேல் நூலும் கீழ் நூலும் ஒரே இழுப்பில் வரும் வரை கந்தல் துணியில் ஓட்டிப் பார்த்து டென்ஷன் வைக்க வேண்டும். கடைசியில் முதல் தையல்.

இந்து வீடுகளில் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மேலப்பாளையத்தில் பிஸ்மில்லா சொல்லித் தொடங்குவார்கள். கடற்கரைப் பக்கம் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஆனால் எந்த வீடானாலும் முதல் தையலை நான் போட வேண்டும் என்று சொல்வார்கள். விடிகாலையில் ஆற்றில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கிருத்திகைக்கு விரதம் இருக்கிற ஆள். ‘திருநீறு அண்ணாச்சி’ என்றுதான் எனக்குப் பேர். என் கைராசியில் துணி குவியும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாடல் நம்பர்

தொண்ணூறுகளின் நடுவில் சவூதியிலிருந்து கரண்டில் ஓடும் மெஷின்கள் மேலப்பாளையத்துக்கு வரத் தொடங்கின. அப்படி ஒன்றை மாட்டித் தர வேண்டும் என்று ஒரு வீட்டிலிருந்து கடைக்கு ஆள் அனுப்பினார்கள்.

அந்த வீட்டு மருமகள் பெயர் ஜைனபு. அவளுடைய கணவர் சவூதியில் வேலை பார்த்தார். அவள் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கட்டும் என்று அவர்தான் மெஷினை வாங்கியிருந்தார். அங்கே அதே ஊரில் வேலை பார்த்த ஜைனபின் தம்பி காதர், லீவில் வரும்போது அதைக் கொண்டுவந்து அக்காள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, பேட்டையில் இருக்கும் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான்.

நான் போனபோது மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜைனபு கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். பெட்டியைப் பிரித்தேன். வெள்ளை வெளேர் என்று அப்படி ஒரு மெஷின். நூல் கோத்து, பாபின் போட்டு முடித்தேன். பிளக்கைப் பார்த்தால் ரெண்டு தட்டைக் கம்பி. நம் சாக்கெட்டில் ஏறவில்லை. கத்தியால் அதை வெட்டி எடுத்துவிட்டு, நம் ஊர் மூணு பின் பிளக்கை மாட்டினேன்.

திரைக்குள்ளிருந்து ஜைனபு சொன்னாள். “அண்ணாச்சி, மெஷினுக்கு அடியில நூத்திப்பத்துன்னு என்னமோ போட்டிருக்கு. அதப் பாத்துக்கிடுங்க.”

“அது மாடல் நம்பரும்மா. எல்லா மெஷினுக்கும் ஒண்ணு இருக்கும்” என்றேன். திருப்பிப் பார்க்கவில்லை.

மாமியார் சிரித்தார். “அவ பத்தாவது படிச்சவ அண்ணாச்சி. சோப்பு உறையக்கூட வாசிக்காம பிரிக்க மாட்டா.”

நானும் சிரித்தேன். முருகனை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். மெஷினில் இருந்த குட்டி பல்பு கண் கூசுகிற வெள்ளையாக எரிந்து ‘டப்’ என்று வெடித்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். பல்புதானே போனது என்று பெடலில் காலை வைத்தேன். பைய வைத்ததுதான். மெஷின் வீறிட்டுக்கொண்டு ஓடியது. துணி சுருண்டு ஊசி முறிந்தது. பக்கவாட்டில் இருந்து புகை வந்தது. எரிந்த வார்னிஷ் நாற்றம் வீடு முழுக்க நிறைந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சரித்துப் பார்த்தேன். அடியில் ஒரு தகடு. அதில் 110, பக்கத்தில் V என்ற எழுத்து. நான் மாட்டிக் கொடுக்கிற மோட்டார்களில் அதே இடத்தில் 220 இருக்கும். ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கரண்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் கரண்டை நேராகக் கொடுத்து நானே எரித்துவிட்டேன்.

என் வாய் சொன்னது

“என்ன அண்ணாச்சி ஆச்சு?” என்றார் மாமியார்.

இதை வாசிக்கிறவர்கள் நம்ப வேண்டும். பொய் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. தயாராக இருந்ததுபோல் வந்து விழுந்தது. “இது புதுசு இல்லம்மா. மோட்டார் முன்னமே அடிபட்டது. பழசத் துடைச்சுப் பெட்டியில வச்சிருக்காங்க.”

“பழசா? எம் மவன் கடையில நின்னு புதுசா வாங்கி, மச்சினன் கையிலல்லா கொடுத்துவிட்டான்.”

அந்தப் பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் பேசாமல் இருந்தேன்.

திரை அசைந்தது. “நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் ஜைனபு.

“பாத்துட்டேம்மா.”

மாமியார் என் நெற்றியைக் காட்டித் திரைப் பக்கம் திரும்பினார். “அவங்க சாமி கும்பிடுத ஆளு. நெத்தியப் பாத்தியா? அவங்களுக்கு என்ன, பொய் சொல்லணும்னு தலையெழுத்தா?”

வெட்டிய பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். வழியெல்லாம் மனதில் நின்றது புகை இல்லை. நான் பூசியிருந்த திருநீறு என் பொய்க்குச் சாட்சி சொன்னதுதான்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து கிண்ணத்தில் கை வைத்தேன். பூச முடியவில்லை. “என்ன, நெத்தி வெறிச்சுனு இருக்கு?” என்று என் மனைவி கேட்டாள். “திருநீறு தீந்துபோச்சு” என்றேன். கிண்ணம் நிறைய இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

காதர் வந்தான்

நாலாம் நாள் கடை வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். ஜைனபின் தம்பி காதர் என்று சொன்னான். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவனோ கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டான்.

“அண்ணாச்சி, பழசுன்னு எத வச்சுக் கண்டுபிடிச்சிய? அங்கன உள்ள கடைக்காரன் ஏமாத்திட்டானோன்னு பாக்கேன். திரும்பிப் போனதும் அவன்கிட்ட கேக்கணும்.”

“உங்க மச்சான் என்ன சொல்லுதாரு?”

“போன்ல பேசினாரு. கடையில ஓட்டிப் பாத்து வாங்கினது, மாறினா உன் கையிலதான் மாறியிருக்கும்னுட்டாரு. ஜைனபு லாத்தாவ எங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உன் தம்பி அசல் மெஷினக் கொண்டுவரட்டும், அதோட நீ வந்தாப் போதும்னு மாமி சொல்லிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எனக்கே சந்தேகம் வந்துட்டு அண்ணாச்சி. ஏர்போர்ட்டுல பெட்டிய விட்டுட்டு டீ குடிக்கப் போனேன். அங்கன மாறிட்டோ என்னமோ. நீங்க பொய் சொல்ல மாட்டியல்லா” என்றான்.

என் பொய், எதுவும் செய்யாத ஒருவனைத் தன்மேலேயே சந்தேகப்பட வைத்திருந்தது.

நான் எரித்ததைச் சொன்னேன். தகட்டைப் பார்த்த பிறகும் தெரிந்தே மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். “அப்ப என் கையில மாறலை” என்றான், யாரோ அவனுக்குத் தகவல் சொன்ன மாதிரி.

உள்ளே இருந்த முதலாளி எழுந்து வந்தார். “என்ன வே, உமக்குக் கிறுக்கா? கடை பேரு என்ன ஆவும்? இப்ப அங்க போயி இதச் சொன்னீருன்னா, திரும்ப இங்கன வர வேண்டாம், பாத்துக்கிடும்.”

டூல் பையை அவர் மேசையில் வைத்துவிட்டு, பிளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு காதரோடு கிளம்பினேன்.

நம்பவில்லை

மாமியார் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் திட்டுவார், துரத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் என்னை நம்பவே இல்லை.

“அண்ணாச்சி, அந்தப் புள்ள மேல இரக்கப்பட்டுப் பழிய உங்க தலையில போடுதிய. நல்லவங்க அப்படித்தான் செய்வாங்க. எனக்குத் தெரியாதா?”

பொய்யை உடனே நம்பியவர், உண்மையைக் கருணை என்கிறார். பிளக்கைக் காட்டினேன். “இது ஒரு பிளக்கு. இதுக்கென்ன?” என்றார். கடைசியில், “அம்மா, அன்னைக்கு உங்க மருமக நூத்திப்பத்துன்னு போட்டிருக்குன்னு சொன்னாங்களே, நான் மாடல் நம்பர்னு சொன்னேனே, நீங்ககூட சிரிச்சியளே. அவங்க சொன்னதுதான் சரி. அது கரண்டு அளவு. இந்தத் தெருவுல எந்த எலெக்ட்ரீஷியன வேணும்னாலும் கூப்பிட்டுத் தகட்டக் காட்டுங்க” என்றேன்.

யாரையும் கூப்பிடவில்லை. அந்தச் சிரிப்பு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் அப்படியே வெளுத்தது.

“அவ படிச்சுச் சொன்னா. நாம ரெண்டு பேரும் சிரிச்சோம்” என்றார். எழுந்து வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு காதரைப் பார்த்தார். “வாப்பா, ஆட்டோவக் கூப்பிடு. அவளக் கூட்டிட்டு வர நானே வாரேன்.” வாசல் தாண்டும்போது என்னிடம் திரும்பினார். “மெஷினச் சரி பண்ணிட்டு வாங்க அண்ணாச்சி. தச்சுக் காட்டுங்க. வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

ஜைனபு கேட்டது

மோட்டாரைக் கழற்றி எரிந்த கம்பியை மாற்றிச் சுற்றித் தரும் ரீவைண்டிங் கடையில் கொடுத்து, ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிக்கொண்டு, பத்து நாள் கழித்துப் போனேன். திரையை விலக்கியிருந்தார்கள். ஜைனபு மெஷின் பக்கத்தில் முக்காடிட்டு நின்றாள். அவளைத் தகட்டைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். டிரான்ஸ்ஃபார்மரில் இருந்ததையும் வாசிக்கச் சொன்னேன். இரண்டும் ஒத்து வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைத்தேன். முதல் தையலை நான் போடவில்லை. அவள் பிஸ்மில்லா சொல்லிப் போட்டாள். நேர் கோடாக வந்தது.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும் அண்ணாச்சி. உங்க நெத்தியப் பாத்துட்டு வாய மூடிட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு, இல்லையா?”

மெஷின் எரிந்தபோதும், காதர் படியில் உட்கார்ந்தபோதும் வராத அழுகை அப்போது வந்தது. “உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா” என்று சொல்லவே எனக்கு நேரம் பிடித்தது.

அதன் பிறகு வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து கடைசி வரை மெஷின் மாட்டினேன். திருநீறு பூசுவதை நிறுத்தவில்லை. அது எனக்கும் முருகனுக்கும் உள்ளது. ஆனால் எந்த வீட்டிலும் முதலில் அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத் தகட்டை வாசிக்கச் சொல்வேன். வாசிக்கத் தெரியாதவர் என்றால் எண்ணை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டுவேன். அவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் முன் குனிந்து பார்ப்பேன். இளம் ஃபிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். எரித்துவிட்டால், புகை அடங்குவதற்குள் ‘நான் எரித்தேன்’ என்று சொல்லிவிடுங்கள். அடுத்த நிமிடம் அந்தப் பழி வேறொருவர் தலையில் போய் விழுந்திருக்கும்.

இதை யாருக்காவது சொல்வதாக இருந்தால் உள்ளபடியே சொல்லுங்கள். பாவம், பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று எனக்காக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். நாலு நாளில் உண்மையைச் சொல்லிவிட்டானே என்று புகழவும் வேண்டாம். காதர் வந்து நிற்கும் வரை நான் சொல்லவில்லை. ஃபிட்டர் தகட்டைப் பார்த்தான், தெரிந்துகொண்டான், தெரிந்தே பொய் சொன்னான். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.